தகரக் கோயிலின் முதல் சாட்சி

சதுரங்கப்பட்டினம் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் பேசியது மொத்தம் ஏழெட்டு நிமிடம் இருக்கும். அந்த ஏழெட்டு நிமிடத்துக்காக முப்பது வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. முப்பதில் இருபத்தொன்பது வருடம் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். வெட்கம் போன வருடம்தான் வந்தது.

உங்கள் சபையைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூட லேபில் ஆசிட் கொட்டிய கதை, என் கல்யாணத்தில் பிரியாணி தீர்ந்துபோன கதை என்று எதையெதையோ எழுதி இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனி தள்ள இடமில்லை.

அன்றைக்கு வெயில் இறங்கியிருந்தது. டச்சுக்காரன் கட்டிய கோட்டையின் சுவர் நிழல் மணலில் நீளமாக விழுந்திருந்தது. காயப்போட்ட கருவாட்டின் வாசனை. ஸ்பீக்கர் பெட்டியை ஒரு மீன்பாடி வண்டியின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம், எல்லோரும் பாயில். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், முக்காடு போட்டுக்கொண்டு, அம்மாவுக்கு அருகில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரையில் அவள் பெயர் சலோமி.

எனக்கு இருபது வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் யாரும் எதற்கும் என்னை முன்னால் வா என்று கூப்பிட்டதில்லை. மைக்கைப் பிடித்ததும் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"என் தங்கச்சிக்கு வலிப்பு இருந்தது. மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணோம். நாப்பது நாளா வலிப்பு வரல" என்றேன்.

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். அந்தச் சத்தம் நெஞ்சில் வந்து இடித்தது. இன்னொரு தடவை அதைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"இனிமே அவளுக்கு மாத்திரை தேவையில்ல" என்றேன். "ஸ்தோத்திரம்!"

"நாளைக்குக் காலைல இதே கடல்ல, உங்க எல்லார் கண்ணு முன்னாடியும், அந்த மாத்திரைய அவ தூக்கிப் போடப் போறா!"

கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு காரியம் செய்யப்போகிறாள் என்பதை அவளே அந்த ஸ்பீக்கர் வழியாகத்தான் தெரிந்துகொண்டாள்.

பெஞ்சில் பிறந்த சபை

அந்தக் கடற்கரைக்கு நாங்கள் ஏன் வந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் இது விளங்காது.

எங்கள் ஊர் கருங்குழியிலிருந்து உள்ளே போக வேண்டும். என் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் படியாள் வேலை. வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்த காலத்தில் எங்கள் தெரு மொத்தமும் வேதத்துக்கு வந்தது. ஓடு போட்ட கோயில் ஒன்று, மணி ஒன்று, ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்று. அதைத்தான் இன்றைக்கும் பெரிய கோயில் என்கிறோம். ஒரே தெரு, ஒரே ஜனம், அத்தனை பேருக்கும் ஒரே கஷ்டம். இருந்தாலும் கோயிலுக்குள்ளே மேல் கீழ் எப்படியோ முளைத்துவிட்டது. முதலில் படித்து உபதேசியார் ஆனவரின் குடும்பம் முன்னால் இருக்கும் பெஞ்சுகளில் உட்காரும். மற்றவர்கள் தரையில். பெஞ்சு அவர்களுடையது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரைக்கும் நடக்கும் ஆராதனை. சித்திரை வெயிலில் ஓட்டுக்குக் கீழே முந்நூறு பேர். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவதைப் போதகர் ஐயர் விளக்கிக்கொண்டிருந்தபோது சலோமி தரையில் சாய்ந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. அதற்கு முன் வீட்டில் மூன்று தடவை வந்திருக்கிறது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தோம். வெளியே யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளை விஷயம், அப்படித்தான் வைத்திருந்தோம்.

அப்பா அவளைத் தூக்கி, பக்கத்தில் இருந்த பெஞ்சில் கிடத்தினார். உபதேசியார் வீட்டு மருமகள் எழுந்து ஒதுங்கினாள். ஒதுங்கினது தப்பில்லை. அதற்குப் பிறகு சொன்னாள்:

"வெளிய மண்ணுல போட்டுக் காத்தாட வெய்யுங்க. பெஞ்சியெல்லாம் எச்சியாவுது பாரு."

கோயில் முழுக்கக் கேட்டது. ஐயர் "அமைதி, அமைதி" என்று சொல்லிவிட்டு விளக்கத்தைத் தொடர்ந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஞானசிகாமணி. மதுராந்தகத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர். காலையில் கூட்டமான பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

"மண்ணுல போடணுமா? செரி. இன்னும் யாரையெல்லாம் மண்ணுல போடணுமோ எல்லாரும் எறங்குங்கப்பா. வண்டி இனிமே போவாது!" என்றார்.

பன்னிரண்டு குடும்பம் இறங்கியது. ஆறாம் வார்த்தைக்கு நாங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். சலோமிக்கு அதற்குள் தெளிந்துவிட்டது. எங்கே இருக்கிறோம், ஏன் எல்லோரும் வெயிலில் நிற்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டாள். வெயில் மயக்கம் என்று அம்மா சொன்னாள். தெருவும் அதை வெயில் மயக்கம் என்றே எடுத்துக்கொண்டது.

எங்கள் சபையின் வரலாறு இதுதான். "சத்தியத்தினிமித்தம் பிரிந்து வந்தோம்" என்று பிற்பாடு ஒவ்வொரு ஆண்டுவிழா நோட்டீஸிலும் போட்டோம். அந்த வரியை எழுதியது நான்தான்.

கண்டக்டர் பாஸ்டர்

ஞானசிகாமணி அண்ணன் வேலையை விட்டுவிட்டு பாஸ்டர் ஆனார். ஊருக்கு வெளியே ஒரு ஏரிக்கரைப் புறம்போக்கு ஓரமாகத் தகரம் போட்டோம். போர்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொன்னதில்லை. தகரக் கோயில்தான். மழை வந்தால் பிரசங்கம் கேட்காது. மழை நின்றதும் பாஸ்டர் விட்ட இடத்திலிருந்து சரியாக எடுப்பார்.

அவர் மோசமான மனிதர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இப்படிப்பட்ட கதைகளில் பாஸ்டரைத் திருடனாக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது வழக்கம். அவர் யாரையும் மாத்திரை சாப்பிடாதே என்று சொன்னதில்லை. அவரே ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிட்டார். உள்ளே வந்து உட்காருகிறவர்களை ஒரு பார்வையில் எண்ணிவிடுவார். பழக்க தோஷம். தவறிப்போய் ஜெபம் முடிந்ததும் ஒரு முறை "ரைட்" என்று சொல்லிவிட்டார். ஆமென் சொல்ல வேண்டிய நாங்கள் சிரித்துவிட்டோம்.

அவருடைய பழைய ரூட்டில் எங்கெல்லாம் ஸ்டாப்பிங் இருந்ததோ அங்கெல்லாம் அவருக்கு ஆள் பழக்கம். அந்த ஸ்டாப்பிங்கெல்லாம் ஒவ்வொன்றாக ஜெபக்குழு ஆயின. கடைசி ஸ்டாப்பிங் சதுரங்கப்பட்டினம். ஞானஸ்நானம் கொடுப்பதற்குக் கடலும் அங்கே இருந்தது.

ஆனால் அந்த முதல் வருடம் சபை தேய்ந்துகொண்டிருந்தது. கோபம் ஆறியதும் ஒவ்வொரு குடும்பமாகப் பெரிய கோயிலுக்குத் திரும்பியது. கிறிஸ்துமஸுக்குள் பன்னிரண்டு ஏழாயிற்று. கல்லறைத் தோட்டம் அவர்களிடம்தானே இருக்கிறது, செத்தால் எங்கே புதைப்பது என்று ஒரு கிழவர் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

எங்கள் வழிபாட்டில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். பஸ் கிடைத்தது, மாடு கன்று போட்டது என்று சின்னச் சின்னதாக வரும். தேய்கிற சபைக்கு அதெல்லாம் போதவில்லை. பெரிதாக ஒன்று வேண்டும் என்பது எல்லோர் மனதிலும் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை. நான் கொடுத்தேன்.

நாற்பது நாள் வலிப்பு வரவில்லை என்றது உண்மைதான். நாற்பது நாளும் அவள் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள் என்பதை நான் விட்டுவிட்டேன்.

அலை திருப்பித் தந்தது

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறாத நேரம். ஞானஸ்நானத்துக்கு நாலு பேர். அதைப் பார்க்க நூறு பேர் வந்திருந்தார்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். பாதிப் பேர் வந்தது மாத்திரையைப் பார்க்க.

அம்மாவின் சுருக்குப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து சலோமி கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"நெஜமா போட்டுடணுமா ண்ணா?"

"போடு. எல்லாரும் பாத்துகினு கீறாங்க."

"திரும்ப வந்துட்டா?"

"விசுவாசம் இல்லாம பேசாத" என்றேன். ஒரு இருபது வயதுப் பையன், தங்கையிடம், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று கேட்டவளிடம் சொன்ன பதில் இது.

முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி எறிந்தாள். பாட்டு எழும்பியது. அட்டை மிதந்தது. அடுத்த அலை அதை அப்படியே கொண்டுவந்து அவள் காலடியில் விட்டது. அவள் குனிந்து எடுக்கப் போனாள். நான் முந்திக்கொண்டு அதன்மேல் காலை வைத்து மணலுக்குள் அழுத்தினேன். ஈர மணல் சுலபமாக வாங்கிக்கொண்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சோற்றுப் பானை வலது கையின் மேல் கவிழ்ந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிந்து வந்துவிட்டது. சபையில் கேட்டவர்களிடம் கை தவறிக் கஞ்சி கொட்டிவிட்டது என்று சொன்னேன். முகத்தில் படாமல் காத்தாரே என்று ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். நானும் சேர்ந்து கை தட்டினேன்.

அன்றிலிருந்து அவள் ரவிக்கையின் கை நீளம்.

சாட்சிப் பொண்ணு

அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருடம் பாஸ்டர் போகிற இடமெல்லாம் என்னையும் கூட்டிப்போனார். அச்சரப்பாக்கம், திருக்கழுக்குன்றம், கருங்குழி பஸ் நிறுத்தம். ஒவ்வொரு ஊரிலும் சாட்சி கொஞ்சம் வளர்ந்தது. நாலு தடவை வந்த வலிப்பு முப்பது தடவை ஆயிற்று. டாக்டர் கைவிரித்ததாகச் சேர்த்தேன். நிஜத்தில் அந்த டாக்டரம்மா மாத்திரையை மட்டும் நிறுத்தாதேம்மா என்று சலோமியின் தோளைத் தட்டிச் சொன்னவர். சபை ஏழு குடும்பத்திலிருந்து எழுபதைத் தாண்டியது. தகரத்துக்குப் பதில் காங்கிரீட் வந்தது. பெயர் மட்டும் தகரக் கோயிலாகவே நின்றுவிட்டது.

இதில் ஒரு கணக்கை நான் போடவில்லை. அவள் குணமானாள் என்பதைச் சிலர் நம்பினார்கள். அவளுக்கு வலிப்பு இருந்தது என்பதை எல்லோரும் நம்பினார்கள்.

அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ஃபிட்டர். நல்ல குடும்பம். வந்தார்கள், மிக்சரும் காபியும் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள். ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அவுங்க வோணான்ட்டாங்க. இது அந்த சாட்சிப் பொண்ணான்னு கேட்டாங்க. நான் இன்னாத்த சொல்றது? மைக்குல நீங்களே சொல்லிகினு கீறீங்க."

இன்னும் நாலு வரன் வந்தது. எல்லாம் அந்த மிக்சரோடு முடிந்தது. பெரிய கோயிலில் ஒரு பெஞ்சு எச்சிலாகிறது என்று சொன்னதற்காக ஊரை இரண்டாக்கியவர்கள் நாங்கள். எங்கள் வீட்டுக்குள் ஒரு பெண்ணின் கல்யாணம் இப்படிப் போனபோது, கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனேன். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. அச்சரப்பாக்கத்துக்குக் குடிபோனேன். அவள் தையல் வேலைக்கு ஷூ கம்பெனி வேனில் ஏறினாள்.

பாஸ்டர் ஒரு தடவை என்னைத் தனியாகக் கேட்டார். ஏரிக்கரையில், செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"தம்பி, உண்மைய சொல்லு. பாப்பா மாத்திர சாப்புடுதா? சாப்டா தப்பு இல்லப்பா. நான் சபையில எடுத்துச் சொல்லிடறேன்."

வலிப்பு திரும்ப வந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன்: "இல்ல பாஸ்டர். ஒண்ணும் சாப்புடல."

அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அவர் என்னை நம்பினாரா என்று இன்றைக்கும் தெரியாது.

வரலாறு எழுதக் கூப்பிட்டார்கள்

கண்டக்டர் பாஸ்டர் போய்ச் சேர்ந்து சில வருடமாகிறது. இப்போது அவர் மகன் பாஸ்டர். கீபோர்டு, ஸ்கிரீன், யூடியூப் எல்லாம் உண்டு. நல்ல பையன். போன வருடம் முப்பதாம் ஆண்டு மலர் போட வேண்டும், சபை வரலாறு நீங்கதான் அங்கிள் எழுதணும் என்றான். முதல் பக்கத்தில் சலோமி அத்தையின் போட்டோவும் சாட்சியும் வேண்டும் என்றான்.

போட்டோ எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா அப்பா இல்லாத அந்தப் பழைய வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிற பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பி காம்ப்ளக்ஸ் என்று லேபிள் ஒட்டியிருந்தது.

"இதையும் போட்டோ புடிச்சிக்கோ."

மூடியைத் திறந்தேன். உள்ளே பி காம்ப்ளக்ஸ் இல்லை.

"கை வெந்துச்சே, அதுக்கப்புறம் நைனா ஆரம்பிச்சது. மார்க்கெட்ல பாய் மெடிக்கல்ல வாங்கியாந்து இதுல கொட்டி வெக்கும். யாரனா பாத்தா சத்து மாத்திரன்னு சொல்லுன்னுச்சு. நைனா போனப்புறம் நானே போயி வாங்கறேன். பாயி சீட்டு கூட கேக்க மாட்டாரு, பாட்டில நீட்டுனா போதும். ஒரு வேள கூட வுட்டதில்ல. பதினோரு வருசமா ஒரு தடவ கூட வரல."

"என்னாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் சாட்சி இன்னா ஆவறது? ஊர் ஊரா நின்னு பேசிகினு கீற. அண்ணன் பொய் சொன்னான்னு ஆயிடும்ல?"

அப்பா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். கடற்கரைக் கூட்டத்துக்கு அவர் வரவே இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதும் இல்லை. பெருமையில் கண் தெரியாமல் இருந்த மகனைத் திருத்த நேரமில்லாமல், மகளைக் காப்பாற்றுகிற வேலையைப் பார்த்திருக்கிறார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது என்று அன்றைக்கு அழுதேன். அந்த அழுகையிலும் கலப்படம் உண்டு. அந்த பாட்டிலை அந்த அலமாரியில் நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எந்த மனுஷி முப்பது வருடம் சத்து மாத்திரை சாப்பிடுவாள் என்று ஒரு தடவை யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டாவது சாட்சி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தேன். வாரம் முழுக்க மனதுக்குள் எழுதி அழித்துத் தயார் செய்திருந்தேன். என் நெஞ்சுரத்தை நானே மெச்சிக்கொண்டுதான் முன்னால் நடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சலோமி வழக்கம்போலப் பெண்கள் பக்கம், பிளாஸ்டிக் நாற்காலியில்.

"முப்பது வருசத்துக்கு முன்னாடி நான் சொன்ன சாட்சி பொய்" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, கடல், மணல், கஞ்சி, பி காம்ப்ளக்ஸ் பாட்டில். என் தங்கைக்கு வலிப்பு நோய் இன்றைக்கும் இருக்கிறது, இன்றைக்குக் காலையிலும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்றேன். மைக்கிலேயே அழுதுவிட்டேன்.

"ஸ்தோத்திரம்!" என்றார் ஒருவர்.

எனக்குப் புரியவில்லை. இன்னும் நாலு பேர் சொன்னார்கள். கை தட்டினார்கள். வாழ்நாளெல்லாம் பழகிய வாய். மைக்கில் ஒருவன் அழுதுகொண்டே பேசி நிறுத்தினால் அந்த இடத்தில் அதைத்தான் சொல்ல வரும். பாஸ்டர் பையன் எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டு மைக்கை வாங்கினான்.

"பாருங்க, எப்பேர்ப்பட்ட தாழ்மை! முப்பது வருஷம் ஒரு பலவீனத்தைக் கூடத் தம்முடைய சபைக்காக உபயோகப்படுத்தின தேவன்! பதினோரு வருஷமா வலிப்பு வரல, அதுவும் ஒரு அற்புதம்தானே!"

பாட்டு எழும்பியது. பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே ஓடினேன். குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சலோமி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே நீ பயப்பட வோணாம்" என்றேன். அந்த நேரத்தில்கூட அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன்.

அவள் நிமிர்ந்தாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"என்னக் கேட்டியா?"

திரும்பக் குனிந்து செருப்புகளைத் தள்ளித் தேடினாள்.

"அன்னிக்கும் கேக்கல. இன்னிக்கும் கேக்கல. உனக்குப் பெரும வோணும்னா என் ஒடம்பு. உனக்குப் பாவம் தீரணும்னாலும் என் ஒடம்பு. உள்ள என் லைன்ல வேல செய்யற பொண்ணுங்க ரெண்டு பேரு குந்திகினு கீதுங்க. இருவத்தி நாலு வருசமா தையல் மிஷின்ல உக்காந்துகினு கீறேன். பிட்ஸ் வரும்னு கம்பெனிக்குத் தெரியாது. ஏன் தெரியாதுன்னா நான் சொல்லல. நான் சொல்லாததால தெரியாது. இப்ப தெரியும்."

செருப்பு கிடைத்தது. மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வேன்

யார் சொன்னார்கள் என்று தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். வேனில் யாரோ யாரிடமோ, பாவம் நம்ம சலோமி அக்கா என்று ஆரம்பித்திருப்பார்கள். வியாழக்கிழமை ஆபீஸில் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஆமாம் என்றாள். மிஷினில் உட்கார வைக்க முடியாது, டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வாருங்கள் என்றார்கள். செங்கல்பட்டில் டாக்டர் நல்லபடியாகவே எழுதிக் கொடுத்தார்: பல வருடமாகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, வேலை செய்யத் தடையில்லை. கொண்டுபோய்க் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்கள்.

இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறாள். காலை ஆறேமுக்காலுக்கு வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. நான் கம்பெனி வாசலுக்கு இரண்டு தடவை போனேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. மூன்றாவது தடவை கிளம்பியபோது அவளே தடுத்தாள்: "நீ ஒண்ணும் பேசாத. நீ பேசுனது போதும்."

மலர் வெளிவந்துவிட்டது. சபை வரலாற்றை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். சத்தியத்தினிமித்தம் பிரிந்து வந்தோம் என்ற என் வரி அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தில் இரண்டாவது சாட்சி.

நான் இப்போது கோயிலுக்குப் போகிறேன், பின்னால் உட்காருகிறேன். சாட்சி நேரத்தில் எழுந்திருப்பதில்லை.

இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் அவளிடம் போய்க் கேட்டேன். என் வாழ்க்கையில் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. முடியாது என்றாள். தொடருக்கு வேறு கதை எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அவளாகவே போன் செய்தாள்.

"எழுதிக்கோ. இனிமே மறைக்க இன்னா கீது? பேர மாத்திப் போடு. எழுதிட்டு மொதல்ல எனக்குப் படிச்சுக் காட்டு."

போன செவ்வாய்க்கிழமை படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். அப்பாவைப் பற்றி நான் எழுதியது குறைச்சல் என்றாள். கடைசியில் நான் ஒரு பாரா எழுதியிருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டதாகவும், பரவாயில்லை அண்ணா என்று சொன்னதாகவும் அதில் வரும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாட்சி எழுதிப் பழகிய கை, முடிவு வந்ததும் தானாக அங்கே போய்விட்டது.

அந்தப் பாரா வந்ததும் கையை நீட்டித் தாளை வாங்கினாள். பேனா கேட்டாள். அந்தப் பாராவைக் கோடு போட்டு அடித்தாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாத ண்ணா. நான் மன்னிக்கல."

அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அவள் மன்னிக்கவில்லை.